விண்ணிலிருந்து அளக்கப்படும் நகரம்

பெங்களூர் நகருக்கு 1537ஆம் ஆண்டில் கெம்பெ கௌடர் அடிகோலினார் என்பர். நகரம் இதுவரையில்தான் வளரலாம் என்று காட்டவே நான்கு புறமும் கோபுரங்கள் எழுப்பப்பட்டன என்பது செவிவழிச் செய்தி. அவற்றுள் ஒன்று லால்பாக் பாறையின்மேல் நிற்கிறது. இன்று அதனருகே நின்று எத்திசையில் நோக்கினாலும் நகரமே தெரிகிறது. ஆகவே, இந்நகரின் எல்லையைக் காண நாம் விண்ணுக்கே செல்ல வேண்டியிருக்கிறது.

1972இல் அமெரிக்கா முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோளை ஏவியது. அதன் படத்தில் ஒரு புள்ளி, தரையில் பக்கத்துக்கு ஏறத்தாழ 80 மீட்டர் கொண்ட சதுரத்தைக் குறித்தது. 1988இல் இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். 1ஏ இப்பணியில் சேர்ந்தது. பசுந்தழை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நீர் அதனை விழுங்கிவிடும். கட்டடங்களின் இயல்பு வேறு. இவ்வேறுபாட்டைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியையும் மரம், நீர், கட்டடம் என வகைப்படுத்துகின்றனர்.

கட்டடப் பரப்பு எவ்வளவு என்பது முதற் கேள்வி. அது செறிந்திருக்கிறதா, சிதறியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு, ஷானன் என்னும் அறிஞர் 1948இல் செய்தித் தொடர்புக்காக வகுத்த 'என்ட்ரோபி' என்ற அளவை உதவுகிறது. நகர மையத்தைச் சுற்றிப் பத்து வளையங்கள் வரைவதாகக் கொள்வோம். கட்டடங்கள் யாவும் ஒரே வளையத்துள் அடங்கினால் அளவு 0. பத்திலும் சமமாகப் பரவியிருந்தால் 1. அளவு ஆண்டுதோறும் 1ஐ நெருங்குமாயின் நகரம் சிதறுகிறது என்று பொருள்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் டி. வி. ராமச்சந்திரா குழுவினர் இத்தகைய படங்களை ஆராய்ந்தனர். 1973 முதல் 2009 வரை கட்டடப் பரப்பு 632 விழுக்காடு கூடியது. நீர்நிலைகளின் பரப்பு 79 விழுக்காடு குறைந்தது. இவ்விரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். மழைநீரைத் தாங்கி நிலத்தடிக்கு அனுப்பிய ஏரிகள் சுருங்கிய நகரம், 2022இல் வெள்ளத்திலும் 2024இல் நீர்ப்பஞ்சத்திலும் தவித்தது வியப்பன்று.

செறிவாக வளர்வதே நன்று எனில், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. இத்தகைய படம் பரப்பைக் காட்டுமேயன்றி, அங்கு வாழ்வோரின் தொகையைக் காட்டாது. ஆதலால் நிலம் பெருகும் வேகத்தை மக்கள் பெருகும் வேகத்தோடு ஒப்பிடும் முறையை ஐக்கிய நாடுகள் சபை மேற்கொண்டுள்ளது. ஈவு 1க்கு மேற்பட்டால், மக்களைவிட நிலமே விரைந்து செலவாகிறது. ஆயினும், நகருள் எஞ்சிய ஏரியையும் தோப்பையும் தூர்த்து ஈவைக் குறைப்பது செறிவு ஆகாது. அது வெறும் நெரிசலே.

மெஜஸ்டிக் பேருந்து நிலையம் உள்ள இடத்தில் முன்னர் தர்மாம்புதி என்ற ஏரி இருந்தது. அது மறைந்ததைப் படம்பிடிக்க அந்நாளில் செயற்கைக்கோள் இல்லை. நகரின் விளிம்பில் இன்று எஞ்சியுள்ள ஏரிகளோ ஆண்டுதோறும் படமாகின்றன. அவையும் மறையுமாயின், அறியாமல் இழந்தோம் என்று நாம் சொல்ல இயலாது.