குழந்தைக்குக் காப்புறுதி: மாநிலத்துக்கு மாநிலம் ஒரு நியாயம்



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாம் அரசாங்க கிளினிக்குக்கு ஒரு வெள்ளியோடு போய்விடுகிறோம். வரிசையில் காத்திருக்கும்போது முணுமுணுப்போம், அது வேறு கதை. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே கையில் காப்புறுதி அட்டை இருக்க வேண்டும்.

பரம ஏழைகளுக்கு 1965 முதல் 'மெடிகேய்ட்' திட்டம் இருக்கிறது. வசதியுள்ளவர்களுக்கு முதலாளி தரும் காப்புறுதி உண்டு. இடையில் இருக்கும் லாரி ஓட்டுநர், உணவகப் பணியாளர் ஆகியோரின் பிள்ளைகள்? மெடிகேய்ட்டுக்குச் சம்பளம் கூடுதல், தனியார் காப்புறுதிக்குச் சம்பளம் போதாது.

இவர்களுக்காக 1997-இல் பிறந்ததுதான் 'சிப்' எனும் குழந்தைகள் காப்புறுதித் திட்டம். எதிரெதிர்க் கட்சிக்காரர்களான எட்வர்ட் கென்னடியும் ஆரின் ஹேட்சும் கைகோத்து, சிகரெட் வரியை உயர்த்தி இதற்கு வழி தேடினார்கள். செலவில் குறைந்தது 65 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்கும். நடத்துவது மாநிலங்களின் பொறுப்பு.

விஷயமே இங்குதான் இருக்கிறது. ஒஹாயோ போன்ற மாநிலங்கள் மெடிகேய்ட்டையே விரிவுபடுத்தின. அதில் தகுதியுள்ள பிள்ளையை 'இடமில்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது, அது உரிமை. வேறு சில மாநிலங்கள் தனித்திட்டம் அமைத்தன. தனித்திட்டத்துக்குக் கதவு உண்டு. கதவிருந்தால் பூட்டும் உண்டு.

அரிசோனா பூட்டியது. பொருளாதாரச் சரிவில் பட்ஜெட் துண்டு விழவே, 2010 தொடக்கத்தில் 'கிட்ஸ்கேர்' திட்டத்தில் புதிய பதிவுகளை நிறுத்தியது. ஏற்கெனவே இருந்த பிள்ளைகளும் ஒருமுறை விடுபட்டால் மீண்டும் நுழைய முடியாமல் போனது. திட்டம் மெல்லமெல்லக் காலியானது. 2016-இல்தான் திறந்தார்கள், அதுவும் முழுச்செலவையும் மத்திய அரசே ஏற்ற காலத்தில்! ஆறு வருடம் என்பது அரசியல்வாதிக்கு ஒன்றரைத் தேர்தல். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அது பாதி பால்யம்.

நியூயார்க்கிலோ வறுமைக்கோட்டைப் போல நான்கு மடங்கு வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கும் இடமுண்டு. ஒரே நாடு, ஒரே நோய்.

பூட்டு எப்போதும் பெரிதாகத் தெரியாது. பெருந்தொற்றுக் காலத்தில் மெடிகேய்ட்டிலிருந்து யாரையும் நீக்காமல் வைத்திருந்தார்கள். 2023 ஏப்ரலில் மறுபடி நீக்கம் தொடங்கியபோது பெரும்பாலோர் பெயர் போனது வருமானம் உயர்ந்ததால் அல்ல. படிவம் திரும்பி வரவில்லை, கடிதம் பழைய முகவரிக்குப் போயிற்று, இப்படித்தான். வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் ஏழைகள் என்பது அலுவலகத்துக்குத் தெரியாதா என்ன?

ஒருமுறை பதிந்த பிள்ளைக்குப் பன்னிரண்டு மாதம் இடையறாத பாதுகாப்பு என்பது 2024 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் விதியானது. கட்டணம் செலுத்தாவிட்டாலும் நடுவில் நீக்கக்கூடாது என மத்திய அரசு விளக்கம் தந்தது. அதை எதிர்த்து ஃபுளோரிடா அதே ஆண்டு வழக்குத் தொடுத்தது.

அங்கே பெரும்பாலான குடும்பங்கள் கட்ட வேண்டிய தொகை மாதம் 15 அல்லது 20 டாலர். அதற்குத்தான் அந்த வழக்கு, நேயர்களே.