பருப்புக்கு யார் கையெழுத்துப் போடுவது?

(ஆய்வு மாணவர்களும் காசநோய்ப் பிரிவுக் களப்பணியாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், ஆராய்ச்சிக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். பலமாகக் கைதட்டினீர்கள். நல்லது. ஆனால் அவருக்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

தாம்பரம் பக்கம் மின்சார ரயிலில் போகிற எல்லோருக்கும் சானடோரியம் ஸ்டேஷனைத் தெரியும். அங்கே 1928இல் காசநோயாளிகளுக்காக எழுந்த மருத்துவமனையின் பெயர்தான் அது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு: இதுதான் அன்றைய வைத்தியம். மருந்து கண்டுபிடித்த பிறகும் இந்த எண்ணம் மாறவில்லை. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து மாதக்கணக்கில் படுக்க வைத்தால்தான் பிழைப்பான் என்றார்கள். நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். இடம் கிடைக்காதவன் கதி என்ன? யாரும் கேட்கவில்லை.

கேட்டது சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என நால்வர் கூட்டு. தலைமை ஏற்றவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். இந்த நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி தங்கள் ஒண்டுக் குடித்தனத்துக்கே. இருவருக்கும் ஒரே மாத்திரை, ஓராண்டு. சானடோரியத்தில் இருந்தவனுக்குக் கட்டில், நர்ஸ், வேளாவேளைக்குச் சத்தான சாப்பாடு. வீட்டுக்காரனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்கும் போனான். ஆண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றியதா என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதுவும் இல்லை.

1959இல் முடிவு வெளியானது. உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலம் முடிந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. 1962இல் வந்த தேசிய காசநோய்த் திட்டத்துக்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்பதுதான் அடித்தளம். மூன்றே ஆண்டுகள், தோழர்களே! ஓர் ஆய்வு அத்தனை வேகமாக அரசுத் திட்டம் ஆனது எப்படி? அறிவியல் மீது இருந்த காதலா? கட்டிடம் கட்ட வேண்டாம், கட்டில் வாங்க வேண்டாம், நோயாளிக்குச் சோறு போட வேண்டாம். கருவூலத்துக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த ஆய்வு அது.

அந்த ஆய்வை நான் குறை சொல்லவில்லை. அது நம் ஊரின் பெருமை. ஆனால் அதிலிருந்து அரசுகள் படித்துக்கொண்ட பாடம் வேறு. ‘மாத்திரை போதும், சோறு பொருட்டல்ல’ என்று எடுத்துக்கொண்டன. படுத்திருப்பவன் மாத்திரையில் குணமாவானா என்றுதான் சேத்துப்பட்டில் கேட்டார்கள். அவன் பக்கத்தில் அரை வயிற்றோடு படுத்திருக்கும் மனைவிக்கு அடுத்த ஆண்டு நோய் வராமல் தடுக்கச் சோற்றால் முடியுமா என்று அங்கே கேட்கவில்லை.

அதைக் கேட்க அறுபது ஆண்டுகள் ஆயின. 2019இல் ஜார்க்கண்டில், மங்களூரு யெனெபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும், அதே சேத்துப்பட்டு நிறுவனத்தோடு கைகோத்து இறங்கினார்கள். 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் பத்தாயிரத்துக்கு மேல். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் உண்டு. பாதிப் பகுதிகளில் மட்டும் வீட்டாருக்கும் கொடுத்தார்கள்: பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைந்தது. பரிசோதனையில் கிருமி உறுதியான நோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். 2023இல் ‘லான்செட்’ இதழில் வந்துவிட்டது. இனி ஆதாரம் போதாது என்று எவரும் சொல்ல முடியாது.

சரி, இந்த ஆய்வுக்கு என்ன மரியாதை கிடைத்தது? நோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆனது. வரவேற்போம். வீட்டாருக்கு? ‘நிக்ஷய் மித்ரா’ என்ற திட்டத்தில் கொடையாளர்கள் கூடை கொடுப்பார்களாம். புரவலர் கிடைத்தால் பருப்பு, கிடைக்காவிட்டால் பட்டினி. செலவை மிச்சம் பிடித்த ஆய்வு அரசாணை ஆயிற்று. செலவு வைக்கிற ஆய்வு அன்னதானம் ஆயிற்று. நண்பரே, இது அரசியல் இல்லையென்றால் வேறு எது அரசியல்?

அரசுக்கு ஆய்வைக் கேட்கத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். 2022இல் இதே தமிழ்நாடு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியதே! ஆராய்ச்சியாளர்களும் அரசுத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து அதை வகுத்தார்கள். நோய் உறுதியான அன்றே செவிலியர் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்: உயரத்துக்கு ஏற்ற எடை, காலில் வீக்கம், மூச்சின் வேகம், விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன், எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது. எக்ஸ்ரே கூட வேண்டாம். தள்ளாடுகிறவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்க வழி பிறந்தது. இங்கே இருக்கும் சகோதரிகள் தினமும் செய்கிற வேலைதானே இது!

ஆகவே வழி தெரியாமல் இல்லை. ரேஷன் கடையும் இருக்கிறது. அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி வருகிறது. துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு வருகிறது, அட்டைக்கு ஒரு கிலோ. நோயாளி ஒருவரும் பெரியவர்கள் நால்வரும் இருக்கிற வீட்டுக்கு ஜார்க்கண்ட் கணக்குப்படி அந்த நால்வருக்கு மட்டும் மாதம் 6 கிலோ வேண்டும். மீதிக்குக் கையெழுத்துப் போட வேண்டியது கோட்டை. ஆறு மாதம் கொடுத்தால் போதும்.

ஆய்வு மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பதவி உயர்வுப் புள்ளிக்காகக் காசு கட்டி அச்சிடுகிற கட்டுரையை நூலகக் கரையான் கூடத் தொடாது. உங்களுக்குச் சளி மாதிரி கொடுத்த வீட்டுக்குத் திரும்பிப் போய், என்ன கண்டுபிடித்தீர்கள் என்று தமிழில் சொன்னவர் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், சங்கடம் வேண்டாம். இனிமேலாவது போங்கள். ரேஷன் கடை ஊழியருக்குப் புரிகிற மாதிரி இரண்டு பக்கம் எழுதுங்கள்.

காசநோயாளி வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ரேஷன் கடை வழியாகப் பருப்பு கொடு, அதை உரிமையாகக் கொடு என்று கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். சற்றுமுன் பேசிய நண்பர் முதல் கையெழுத்தைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.