பழைய ஸ்பீக்கரைத் தூக்கி எறியாதீர்கள்!



பழுது பார்ப்பதா, புதியது வாங்குவதா என்பது இன்றைய கருத்தரங்கின் கேள்வி. நான் எடுத்துக்கொண்ட பொருள், வீட்டு மூலையில் தூசி படிந்து நிற்கும் மரப்பெட்டி ஸ்பீக்கர்.

கோலா சாவா, ரந்தாவ், லின்சம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மாதத் தவணை கட்டி வாங்கிய செட்டு அது. தீபாவளி காலையில் லயத்தின் ஒரு கோடியில் போட்ட பாட்டு மறுகோடி வரை கேட்கும். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தபோது கட்டிலை விட்டு வந்தவர்கள்கூட ஸ்பீக்கரை லோரியில் ஏற்றி வந்தார்கள். இன்று அது கரகரக்கிறது என்று பழைய சாமான்காரரிடம் போடப் பார்க்கிறோம்.

ஸ்பீக்கருக்குள் இருப்பவை ஒரு காந்தம், அதன் இடுக்கில் அசையும் செப்புக் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு, கூம்பைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் வளையம். 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரைஸ், கெல்லாக் இருவரும் விளக்கிய அமைப்பே இன்றும் பெரும்பாலும் நடப்பில் உள்ளது. 1970, 80களில் வந்த பல ஸ்பீக்கர்களில் வளையம் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றின் ஈரம் அந்த நுரையை அரிக்கும். 15, 20 ஆண்டுகளில் தொட்டாலே பொடியாக உதிரும். காந்தமும் கூம்பும் நன்றாகவே இருக்கும். கெட்டது அந்த வளையம் மட்டும்தான்!

எனவே முதலில் சோதித்துப் பாருங்கள். வூஃபரைக் கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 ஓம் காட்டினால் சுருள் நன்றாக இருக்கிறது. கூம்பின் இரு பக்கமும் விரல் வைத்துச் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் சுருள் காந்தத்தில் இடிக்கிறது என்று பொருள்.

அடுத்து உதிரிப்பாகம். "எட்டு அங்குல வளையம்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். கூம்பின் விட்டம், சட்டத்தின் உள்விட்டம், வெளிவிட்டம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து கொள்ளுங்கள். நுரை இருந்த இடத்தில் நுரையே போடுங்கள். விறைப்பான ரப்பர் போட்டால் கனத்த ஓசை குறையும். மேலோசை மங்கியிருந்தால் உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். அதே மைக்ரோஃபாரட் அளவில், முனை வேறுபாடு இல்லாத வகையை இரண்டு பெட்டிக்கும் மாற்றுங்கள். கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பாசார் மின்னணுச் சாமான்களுக்குப் பெயர் பெற்ற இடம். பழையதைக் கையோடு கொண்டு போங்கள்.

சிலர் அளவு ஒத்திருக்கிறது என்று வேறு வூஃபரையே பொருத்திவிடுகிறார்கள். பெட்டியின் கொள்ளளவு பழைய வூஃபருக்காகக் கணக்கிட்டது. வூஃபர் மாறினால் ஓசையும் மாறிவிடும்.

பாகம் கிடைக்காத சிக்கல் நமக்கு மட்டுமல்ல. பி.பி.சி. உருவாக்கிய புகழ்பெற்ற எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கருக்குக் கெஃப் நிறுவனம் உறுப்புகள் செய்து தந்தது. அவை நின்றதும் 1990களின் இறுதியில் அந்த ஸ்பீக்கரின் தயாரிப்பும் நின்றது. அந்த உறுப்புகளை வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் 1972இல் தொடங்கிய ஃபால்கன் நிறுவனம் பின்னாளில் அவற்றை மீண்டும் செய்தது. வேலை தெரிந்தவர் இருந்ததால் பொருள் பிழைத்தது.

நம் நிலை என்ன? தோட்டங்களில் ரேடியோ, ஸ்பீக்கர் பழுது பார்த்த கைகளுக்கு இன்று வயதாகிவிட்டது. காகிதத் துண்டு செருகிச் சுருளை நடுவில் நிறுத்தி, பசை தடவி, ஒரு நாள் காயவிடும் அந்தப் பொறுமையை அருகில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும். அவர்களோடு இந்தத் தொழிலும் போய்விட்டால், நல்ல பாகம் கிடைத்தும் பொருத்த ஆள் இருக்காது.

இளைஞர்களே, உங்கள் ஊரில் அப்படி ஒரு மாமாவோ தாத்தாவோ இருந்தால், பழைய ஸ்பீக்கர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள்.