தேகப்பயிற்சியும் அளவும்
(வில்கமுவவில் இந்து இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



தேகப்பயிற்சி நன்றென்று மேடைதோறும் கேட்டிருக்கின்றோம். அதனை மறுக்க நாம் வரவில்லை. மருந்தும் அளவு மீறினால் நஞ்சாகும் என்பதை நினைவூட்டவே வந்தோம்.

வயலும் மகாவலியும் சூழ்ந்த இப்பகுதியிலிருந்து நம் பிள்ளைகள் சர்வகலாசாலைக்குச் செல்கின்றனர். அங்கே விளையாட்டில் பெயரெடுத்தால் பெருமைப்படுகின்றோம். விடுமுறைக்கு வந்த பிள்ளை மெலிந்திருந்தால், "நல்ல பயிற்சி போலும்" என்று மகிழ்கின்றோம். அம்மெலிவு நோயாகவும் இருக்கலாம் என்று எண்ணுவதில்லை.

1997 ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்கக் கல்லூரிகளைச் சேர்ந்த மூன்று மல்யுத்த மாணவர்கள் ஐந்து வாரங்களுக்குள் மாண்டனர். குறித்த நிறைப் பிரிவிலே போட்டியிட வேண்டி, உணவையும் நீரையும் குறைத்து, வியர்வை வெளியேறாத இறப்பர் உடை அணிந்து, வெப்பத்திலே பயிற்சி செய்தமையே காரணம். அதன் பின்னரே, 1998 இல், அத்தகைய உடைகள் கல்லூரி மல்யுத்தத்தில் தடைசெய்யப்பட்டன. மூன்று உயிர் போன பின்பு வந்த விதி அது!

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டி வரை வந்த இந்திய வீராங்கனை வினேஷ் போகாட், 100 கிராம் நிறை கூடியமையால் நீக்கப்பட்டார். இரவெல்லாம் நிறை குறைக்க முயன்ற அவர், உடலில் நீர் வற்றிச் சிகிச்சை பெறவும் நேர்ந்தது.

இவை தராசு விளைத்த துன்பங்கள். தராசு இல்லாத இடத்திலே மனமே தராசாகிவிடுவதும் உண்டு. ஒருநாள் ஓடாவிட்டால் குற்றம் செய்தவர்போல் தவிப்பது, காய்ச்சலிலும் காயத்திலும் பயிற்சியை விடாதிருப்பது, பந்தியைத் தவிர்த்து மறைவது, உண்ட சோற்றுக்குத் தண்டனைபோல் மீண்டும் ஓடுவது: இவை அந்நோயின் அடையாளங்கள்.

உழைப்புக்கேற்ற ஆகாரம் கிடையாதபோது உடல் தன் செலவைச் சுருக்குகின்றது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுவிடுகின்றது, எலும்பு வலுவிழந்து வெடிக்கின்றது, நாடித்துடிப்பும் தளர்கின்றது. ஆண்களும் இதற்கு விலக்கல்லர் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் எடுத்துக் கூறியது.

"மனத்திடம் இருந்தால் உண்ணலாமே" என்று கேட்பீர்கள். 1944, 1945 ஆம் ஆண்டுகளில் மினசோட்டா சர்வகலாசாலையில் நல்ல ஆரோக்கியமுள்ள 36 இளைஞர்கள் தாமே முன்வந்து ஆறு மாதம் அரைவயிறு உண்டனர். நாளடைவில் சோர்வும் சினமும் துயரமும் அவர்களைப் பற்றின. எந்நேரமும் உணவைப் பற்றிய நினைவே நின்றது. திடமான மனத்தையும் பட்டினி மாற்றிவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஆகவே ஏச்சினால் இந்நோய் தீராது.

விரதம் நம் சமயத்தில் இல்லையா? உண்டு. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் நோற்கின்றோம். ஏழாம் நாள் பாறணை செய்கின்றோம். நோன்புக்கு முடிவு உண்டு. முடிவிலே அன்னமும் உண்டு. இந்நோய்க்கோ பாறணை நாளே இல்லை. கீதையின் ஆறாம் அத்தியாயமும் மிகையாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாதென்றே போதிக்கின்றது. உடலை வதைப்பதைத் தவமென்று மயங்கற்க.

பெரியோர்களே! பிள்ளையின் பருமனையும் மெலிவையும் பலர் முன்னிலையில் பேசாதிருப்போம். வெற்றியை விசாரிக்குமுன் "சாப்பிட்டாயா, உறங்கினாயா" என்று விசாரிப்போம். அடையாளங்களைக் கண்டால், கண்டிக்காமல் அருகிருந்து வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்.

இளைஞர்களே! தோழன் ஒருவன் பந்தியில் தொடர்ந்து காணாமற்போனால் தேடிச் செல்லுங்கள். வாரத்தில் ஒருநாள் ஓய்வெடுப்பது சோம்பலன்று. பெரும்போகம் அறுத்த வயலும் சிறுபோகத்துக்குமுன் சற்றே இளைப்பாறுகின்றது; அதனை எவரும் சோம்பல் வயல் என்பதில்லை.

உடல் இறைவன் உறையும் ஆலயம் என்பது நம் முன்னோர் கொள்கை. ஆலயத்தில் நாள்தோறும் நைவேத்தியம் நடைபெறட்டும்.