மெய்ப்பாடு யாருடையது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவு, ஆங் மோ கியோ, சிங்கப்பூர்)



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்தப் பெரியவரைப் பற்றி வரவேற்புரையிலும் தலைமையுரையிலும் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். கூட்டம் குறித்த நேரத்தில் தொடங்க வேண்டும், பேசுகிறவர் பொருளைவிட்டு விலகக் கூடாது என்ற இரண்டிலும் அவர் கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டேன். முதலாவதை நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள். இரண்டாவது என் பொறுப்பு. ஏற்பாட்டாளர்களுக்கு நன்றி சொல்லிப் பொருளுக்கு வருகிறேன்.

அழைப்பிதழில் ‘தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் இன்றைய உளவியலும்’ என்று போட்டிருக்கிறார்கள். தலைப்பு சாதுவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முன்வரிசையில் சிலர் இப்போதே சிரிக்கிறார்கள். நான் எங்கே போய் நிற்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். கருத்தரங்குகளில் அரைகுறையாக நின்றுபோன வாதத்தை இன்று முழுதாகச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

வழக்கு

நம் தமிழ்த் துறையில் ஓர் அட்டவணை சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் பத்தியில் தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள். இரண்டாவதில் பரதரின் எட்டு ரசம். மூன்றாவதில் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மனின் ஆறு அடிப்படை உணர்ச்சிகள். நகைக்கு நேரே ஹாஸ்யம், அச்சத்துக்கு நேரே பயானகம் என்று கோடு போட்டுவிட்டு, மேலைநாட்டார் இருபதாம் நூற்றாண்டில் கண்டதை நம்மவர் என்றோ கண்டுவிட்டார்கள் என்று கை தட்டுவார்கள். எனக்கு இந்தக் கைதட்டலில்தான் சண்டை. எக்மன் சொன்னதையே தொல்காப்பியர் சொன்னார் என்றால் எக்மனைப் படித்தால் போதுமே. பழைய நூற்பாவோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?

பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. அட்டவணை போடுகிறவர்கள் எட்டோடு நின்றுவிடுகிறார்கள். உயிர் அந்த முப்பத்திரண்டில் இருக்கிறது. அச்சத்தின் களன்களாக அணங்கும் விலங்கும் கள்வரும் தம் இறையும் வருகின்றன. வெகுளிக்குச் சொன்னவை உறுப்பை அறுத்தல், குடியைச் சிதைத்தல், அலைத்தல், கொலை. பெருமிதத்துக்குக் கல்வியும் அஞ்சாமையும் புகழும் கொடையும். இவற்றில் எதுவும் மண்டைக்குள் இருக்கும் பொருள் அன்று. பெரும்பாலானவற்றுக்கு எதிரே இன்னோர் ஆள் வேண்டும். கொடுப்பதற்கு வாங்குகிறவர் வேண்டும். அலைப்பதற்கு அலைபடுகிறவர் வேண்டும். உணர்ச்சி என்பது உறவில் நடக்கும் ஒன்று என்பதே இந்த நூலின் நிலை என்று நான் வாதிடுகிறேன்.

எக்மன் 1967, 1968 ஆண்டுகளில் பாப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் முகப் படங்களை எடுத்துப் போனார். ஒற்றை முகம், பக்கத்தில் யாரும் இல்லை. எழுத்தறியாத மக்களாகையால் உணர்ச்சிப் பெயர்களைப் பட்டியலாக நீட்ட முடியவில்லை. அதனால் சின்னச் சின்னக் கதை சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தை எடுக்கச் சொன்னார்கள். மகிழ்ச்சிக்கு, நண்பர்கள் வந்திருக்கிறார்கள் என்பது கதை. துயரத்துக்குப் பிள்ளையின் சாவு. அச்சத்துக்கு, கையில் ஆயுதம் எதுவும் இல்லாமல் வீட்டில் தனியே இருப்பவனின் வாசலில் காட்டுப்பன்றி வந்து நிற்கிறது. பாருங்கள், விலங்கு! இழவு! ஆளைக் கத்தரித்து எடுத்துவிட்டு முகத்தை மட்டும் காட்டியவர், கதை என்று வந்தபோது கத்தரித்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதிலும் ஃபோரே மக்கள் அச்ச முகத்தையும் வியப்பு முகத்தையும் சரியாகப் பிரிக்கவில்லை. முறையிலுள்ள கோளாறுகளை உளவியலாளர் ஜேம்ஸ் ரஸ்ஸல் 1994இல் விரிவாக எழுதினார். அந்தச் சண்டை உளவியலாளர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. நம்மவர்களோ ஒரு பக்கத்தின் கட்சியை முடிந்த முடிபாக எடுத்துக்கொண்டு கோடு போடுகிறார்கள்.

மூப்பு

அட்டவணையில் எனக்கு அதிகக் கோபம் மூட்டும் கோடு மூன்றாவது. இளிவரலுக்கு நேரே பரதரின் பீபத்ஸம்; அதற்கு நேரே எக்மனின் அருவருப்பு. ஒரு கருத்தரங்கில் அழுகிய பொருளைக் கண்டு மூக்கைச் சுளிக்கும் முகத்தைத் திரையில் போட்டு, இதுதான் இளிவரல் என்றார் ஒரு நண்பர். நிலைக்களன் நான்கையும் அவர் பார்த்திருந்தால் அந்தப் படத்தைப் போட்டிருக்க மாட்டார். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பவை அவை. அழுகலும் இல்லை, நாற்றமும் இல்லை. இவை ஒரு மனிதன் மற்றவர் முன்னால் சிறுத்துப்போகும் நான்கு வழிகள்.

புறநானூற்றின் 243ஆம் பாட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பாடியவர் பெயர் தெரியவில்லை. பாட்டிலிருக்கும் கைத்தடியை வைத்தே அவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயரிட்டுவிட்டார்கள். ஒரு கிழவர் தம் இளமையை நினைக்கிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்துக் குளத்தில் ஆடியது, கள்ளமறியாத தோழர்களோடு திரிந்தது, நீரை ஒட்டித் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி ஆழத்தில் குதித்து அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது. இன்று தடியை ஊன்றி நடுங்குகிறார். இருமலுக்கு நடுவே ஒன்றிரண்டு சொல் வருகிறது. அந்த இளமை எங்கே போனது என்கிறார். பாட்டு அவ்வளவுதான்.

இதை வகுப்பில் நிலையாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். இன்னொரு முறை பாருங்கள். பையன் குதிக்கும்போது கரையில் ஆட்கள் நிற்கிறார்கள். வியந்து பார்க்கிறார்கள். பாடியவர் அவர்களை மறக்காமல் பாட்டுக்குள் வைத்திருக்கிறார். கிழவர் நடுங்கும் பகுதியில் பார்ப்பவர் யாரும் சொல்லப்படவில்லை. ஆனால் இருமலுக்கு நடுவே அவர் யாரிடமோ பேசிக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு காலத்தில் மருட்கையோடு பார்க்கப்பட்ட உடம்பு இப்போது வேறு விதமாகப் பார்க்கப்படுகிறது. இளிவரல் அங்கே பிறக்கிறது. ஆளில்லாத தீவில் கிழவனுக்கு முழங்கால் வலிக்கும், இளிவரல் வராது.

இதை ஆங் மோ கியோவில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுபதுகளில் எழுந்த இந்தப் புதுநகர் தன் முதல் குடியேறிகளோடு சேர்ந்தே மூப்படைந்துவிட்டது. ஒரு முதியவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இங்கே கற்பனைக்கு அதிக வேலை இல்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1968இல் அது கப்பல் பட்டறையானபோதும் அங்கேயே இருந்தவர். சாரத்தில் ஏறி நிற்கும்போது கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். கம்பத்து (சிற்றூர்) வீட்டைவிட்டு இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி புளோக்குக்குக் குடிவந்தார். 1987 நவம்பரில் இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோவுக்கு முதல் எம்ஆர்டி ரயில் ஓடியபோது பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வேடிக்கை காட்டினார். இப்போது அதே ரயிலில் ஒரு மாணவன் எழுந்து, “அங்கிள், உட்காருங்க” என்கிறான். நல்ல பையன். இவர் கடுகடுவென்று, “வேண்டாம்” என்கிறார். வீட்டில் பணிப்பெண் குளிப்பாட்ட வந்தால் சத்தம் போடுகிறார். பலதுறை மருந்தகத்தில் மகன் சொல்கிறார்: “டாக்டர், அப்பாவுக்கு எதுக்கெடுத்தாலும் கோபம். குணமே மாறிப்போச்சு.”

வெகுளியின் நான்கு களன்களை எடுத்துக்கொண்டு இந்த வீட்டுக்குள் போய்த் தேடுங்கள். யாரும் இவரை அலைக்கவில்லை. குடும்பத்துக்கு எவரும் கேடு செய்யவில்லை. எல்லோரும் அக்கறையாகத்தான் இருக்கிறார்கள். அந்த அக்கறைதான் அவரைச் சிறுக்க வைக்கிறது. மேலே தெரிவது சினம், நடப்பது இளிவரல். சினம் என்று எடுத்துக்கொண்டால் “சும்மா இருப்பா, எதுக்குக் கத்துற” என்று அடக்கப் பார்ப்போம். அவர் இன்னும் சிறுப்பார், இன்னும் கத்துவார். இளிவரல் என்று தெரிந்தால் செய்வது வேறு. துண்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்பார்கள். மீன் வாங்கப் போகும்போது எந்த மீன் என்று அவரைக் கேட்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. நகைக்குக் காரணமான எள்ளலை, தொல்காப்பியத்துக்குப் பேராசிரியர் என்பார் எழுதிய உரை இரண்டாகப் பிரிக்கிறது: தான் பிறரை எள்ளுவது, பிறர் தன்னை எள்ளுவது. இந்த வழியிலேயே மூப்புக்கும் போய்ப் பாருங்கள். தன்னிடம் வந்த மூப்பைக் கண்டு தந்தைக்கு இளிவரல். தந்தையிடம் வந்த மூப்பைக் கண்டு மகனுக்கும் இளிவரல். சாரத்தில் நின்றவர் நடைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு மின்தூக்கிக்குக் காத்திருப்பதை மகனால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் மகனும் எரிந்து விழுகிறார். இருவருக்கும் தனித்தனியே இரண்டு கோபம் இருப்பதாக நினைக்கிறோம். அங்கே இருப்பது ஒரே மெய்ப்பாடு. இரண்டு உடம்பில் தெரிகிறது. எக்மனின் அருவருப்பு முகத்தை இந்த வீட்டில் எங்கே மாட்டுவது என்று என் நண்பர்கள் சொல்லட்டும்.

அவர்கள் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். “மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு இலக்கணம், மருத்துவ நூல் அன்று.” உண்மை. மருந்துச்சீட்டு எழுத நானும் அதை எடுக்கவில்லை. ஆனால் அந்த இயல் முடியும் இடத்தைப் பாருங்கள். கண்ணாலும் செவியாலும் கூர்ந்து உணர்கிறவர்களுக்கே மெய்ப்பாடு பிடிபடும், மற்றவர்களுக்கு அரிது என்று சொல்லி முடிகிறது. எந்த முகத்தையும் எந்த நாட்டாரும் படித்துவிடலாம் என்பதற்கு நேர் எதிரான நிலை இது. அட்டவணைக்காரர்கள் அந்தக் கடைசி நூற்பாவை ஒருபோதும் எடுத்துக்காட்டுவதில்லை.

அன்பு

அன்பைப் பற்றியும் விரித்துப் பேச நினைத்திருந்தேன். அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மார்கரெட் ட்ராவிக் என்ற மானிடவியலாளர் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்து, தமிழ்க் குடும்பத்தில் அன்பைப் பற்றி எழுதிய நூல் 1990இல் வந்தது. அங்கே அன்பு அடக்கமாகவும் பழக்கமாகவும், சில வேளைகளில் கடுமையாகவும் வெளிப்படுவதை அவர் கண்டார். பிள்ளையை வாய்விட்டுப் புகழாத தாயை அன்பில்லாதவள் என்று எந்த உளவியல் வினாத்தாளும் எழுதிவிடும். உளவியலாளர் பாத்ஜா மெஸ்கீட்டாவின் 2022ஆம் ஆண்டு நூலும் உணர்ச்சிகள் பல சமூகங்களில் மனிதர்களுக்கு இடையே நடப்பவை என்கிறது. மேலை உளவியலிலேயே ஒரு சாரார் நம் பக்கம் வந்துகொண்டிருக்கும்போது நாம் எக்மனின் வாசலில் நிற்கிறோம்.

குணம்

ஆளுமை பற்றியும் ஒரு சொல். எங்கே போனாலும் மாறாத குணம் என்று ஒன்று உண்டா என்று உளவியலாளர் வால்டர் மிஷெல் 1968இல் கேட்டு அந்தத் துறையையே கலக்கினார். மெய்ப்பாட்டியலிலும் தலைவன் தலைவியிடம் இருக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பொறாமை, கொடுமை, தன்னைத்தானே வியத்தல், புறங்கூறல், கடுஞ்சொல், சோம்பல், தன் குடிப்பிறப்பை எண்ணி மகிழ்தல், மறதி, ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடல் என்று போகிறது. தனி ஆளின் குணம்போலத் தெரியும். ஒவ்வொன்றும் இணையர் ஒருவரை ஒருவர் நடத்தும் விதம். திருமணப் பொருத்தம் பார்க்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. இதுவே தனிச் சொற்பொழிவுக்குப் போதும்.

இனி

செய்ய வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு களன்களையும் சங்கப் பாட்டுகளோடு வைத்து முழுமையான அடைவு ஒன்று வேண்டும். ரசக் கொள்கையோடு ஒப்பிடலாம். ஆனால் வேறுபாட்டைத் தேடி ஒப்பிட வேண்டும். இங்கிருந்து அதிக தூரமில்லாத இயோ சூ காங் சாலையில் 1928இல் மனநல மருத்துவமனை வந்தது. 1951இல் உட்பிரிட்ஜ் என்று பெயர் பெற்றது. 1993இல் புவாங்கோக்குக்குப் போய் மனநலக் கழகமாயிற்று. இந்தக் காலம் நெடுகத் தமிழ் முதியவர்கள் தங்கள் மனக்கஷ்டத்தை என்ன சொல்லில் சொன்னார்கள் என்று யாராவது ஆராய வேண்டும். முதியோர் நிலையங்களில் பணிபுரியும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இளிவரலின் நான்கு களன்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். அதை நானே எழுதித் தருகிறேன். உணர்ச்சியும் இருமொழியும் என்ற பொருளைத் தொடக்கூட நேரமில்லை.

என் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடையைவிட்டு இறங்கியதும் தோளைத் தட்டி “நல்லாப் பேசினீங்க” என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குப் போகாதீர்கள். இந்த உரை நூலாக வந்ததும் படித்து, இளிவரல் அருவருப்புதான் என்பதற்கு நிலைக்களன் நான்கிலிருந்தும் சான்று காட்டி மறுப்பு எழுதுங்கள். அடுத்த பதிப்பில் அதை என் உரைக்குப் பக்கத்திலேயே அச்சிடும்படி அறக்கட்டளையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.