மதிலுக்கு இப்பால்



'நான் கேட்ட முதற் கச்சேரி' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தார். உண்மையைச் சொன்னால், இப்பொருளுக்கு உரியவள் என் அன்னை. நான் துணைக்குச் சென்ற சிறுவன்.

தூரவாணி நகர்க் காலனியில் நாங்கள் குடியிருந்தபோது, மாற்றலாகிச் சென்ற அண்டை வீட்டார் ஒரு பழைய கிராமபோன் பெட்டியை எங்களிடம் விட்டுச் சென்றனர். உடன் கிடைத்த தட்டுகளுள் ஒன்று, 1945-இல் வெளியான 'மீரா' படத்திற்காக எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய 'காற்றினிலே வரும் கீதம்'. பாட்டை இயற்றியவர் கல்கி என்பது தாங்கள் அறிந்ததே. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தகைய தட்டில், பக்கத்திற்கு மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் பாட்டு அடங்கும். அந்த மூன்று நிமிடங்களுக்காக என் அன்னை சமையற்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்து நிற்பாள். விசை தளர்ந்து குரல் இழுபடத் தொடங்கினால் கைப்பிடியைச் சுற்றுவது என் வேலை.

எம்.எஸ். 1916-இல் மதுரையில் பிறந்தவர். என் அன்னையும் மதுரைக்காரிதான். பதினேழு வயதில் மணமாகிப் பெங்களூர் வந்தவள். "ஒரே ஊரில் பிறந்தும் ஒரு நாள் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

எம்.எஸ். 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடித் திரும்பிச் சில ஆண்டுகள் சென்றபின், சாமராஜபேட்டை இராமநவமி விழாவில் அவர் பாடப்போவதாகச் செய்தி வந்தது. 1939-இல் எஸ்.வி. நாராயணசுவாமி ராவ் தொடங்கிய இராமசேவா மண்டலியின் விழா அது. கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்துப் பந்தலில் நடைபெறும். அப்பொழுது எனக்குப் பதினான்கு வயது. தந்தைக்கு அன்று இரவுமுறை வேலை. நானும் அன்னையும் சிட்டி மார்க்கெட்டில் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தோம். குறைந்த கட்டணச் சீட்டுகள் தீர்ந்துவிட்டிருந்தன. எஞ்சியவை எங்கள் கைப்பணத்திற்கு எட்டாதவை.

மதிலுக்கு வெளியே சாலையோரத்தில் பலர் துண்டு விரித்து அமர்ந்திருந்தனர். பெங்களூரில் அதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. சங்கீதம் தெரிந்தவர்கள் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள் என்று கேலியாகக் கூறுவதும் உண்டு. நாங்களும் அமர்ந்தோம். ஒலிபெருக்கியில் குரல் எழுந்தது. அன்னை கண்களை மூடவில்லை, மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை வீட்டிலேயே கேட்கலாமே, அப்பா" என்று மெல்லச் சொன்னாள். அந்தச் சொல் என்னைச் சுட்டது.

புரந்தரதாசரின் 'ஜகதோத்தாரண' தொடங்கியதும் எங்களைச் சுற்றியிருந்த கன்னட அன்பர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தனர். ஒரு பாட்டி வாயசைத்து உடன் பாடினாள். நான் அதுவரையில் எம்.எஸ். நம்மவர் மட்டுமே என்று எண்ணியிருந்தேன். சிறுபிள்ளைத்தனம்தான், சற்றே பொறாமையும் தோன்றியது.

அப்பாட்டு முடிந்தவுடன், உறங்கிவிட்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு கன்னட அம்மையார் வாயிலைக் கடந்து வெளியே வந்தார். மதிலையே நோக்கியிருந்த என் அன்னையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தம் சீட்டை அவள் கையில் வைத்து, "ஒளகெ ஹோகி, அம்மா" என்றார்.

இருந்தது ஒரே சீட்டு. அன்னை அதை என்னிடம் நீட்டினாள். "நீ போ. நாளைக்கு நீதான் பத்துப்பேருக்குச் சொல்ல வேண்டும்" என்றாள். நான் வாங்க மறுத்தேன். எனக்கு ஆசை இல்லை என்று எண்ணிவிட வேண்டா. ஆசை மிகவும் இருந்தது. இருவரும் வாயிலருகே நின்று வாதாடிக்கொண்டிருக்கையில் அடுத்த பாட்டும் தொடங்கிவிட்டது. இறுதியில் அந்த அம்மையாரே அன்னையின் முதுகில் கைவைத்து உள்ளே அனுப்பினார்.

மேலும் ஒரு மணி நேரம் நான் சாலையில் இருந்தேன். அன்னை திரும்பியபோது முகத்தில் புன்னகை இல்லை, அழுதிருந்தாள். பேருந்தில்தான் பேசினாள். முதல் வரிசையில் கணவர் சதாசிவம் அமர்ந்திருந்ததையும், மகள் ராதா உடன் பாடியதையும், மூக்குத்தி விளக்கொளியில் மின்னியதையும் சொன்னாள். எந்தெந்தப் பாட்டு என்று கேட்டேன், அவளுக்கு நினைவில்லை. "தட்டில் பாட்டு முடிந்தால் கரகரவென்று சத்தம் வரும். நான் ஓடிவந்து ஊசியை எடுப்பேன். அங்கே பாட்டு முடிந்ததும் அவர் கண்ணைத் திறக்காமல் அப்படியே இருந்தார். யாரும் அசையவில்லை. அதை எந்தத் தட்டில் போட்டிருக்கிறார்கள்?" என்றாள்.

எம்.எஸ். அவர்களை நான் நேரில் கண்டதே இல்லை. வேலை, குடும்பம் என்று ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தேன். 1997-இல் சதாசிவம் மறைந்தபின் அவர் மேடையில் பாடுவதை விட்டார். 2004-இல் தாமும் மறைந்தார். "அன்றைக்கே நீ போயிருக்கலாம்" என்று என் அன்னை இறுதிவரை குறைப்பட்டாள். ஒவ்வொரு முறையும், "போகாதது நல்லதுதான் அம்மா" என்றே விடை கூறினேன். அவள் அதை நம்பினாளோ, இல்லையோ.