ராஜா மாறினார், ரிஜிஸ்டர் மாறவில்லை

(திருப்பாச்சூரில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்த ஊருக்குக் கோயிலைப் பற்றிய வரலாறு இருக்கிறது. கோட்டையைப் பற்றிய வரலாறும் இருக்கிறது. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் என்று ஒருவர் சொல்வார். வெள்ளைக்காரன் பட்டாளம் இருந்த இடம் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் நிஜம்தான். ஆனால் அந்தக் கோயிலுக்கு நெல் விளைவித்தவனும், அந்தக் கோட்டைக்கு மண் சுமந்தவளும் எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தார்கள்? இன்றைக்கு என் பேச்சு அதைப் பற்றித்தான்.

1781 ஆகஸ்ட் 22. கம்பெனித் தளபதி அயர் கூட், ஹைதர் அலியின் ஆட்களிடமிருந்து திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடிக்கிறார். ஐந்தே நாளில் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் மறுபடி சண்டை. முந்தின வருஷம் அதே புள்ளலூரில்தான் ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படையை நொறுக்கியிருந்தார்கள். அந்த நாளில் இந்த மண்ணுக்கு யார் ராஜா? பேருக்கு டெல்லி பாதுஷா. அவருக்குக் கீழே ஆற்காட்டு நவாப் முகமது அலி. நவாபுக்குக் கடன் கொடுத்து அவர் குடுமியைப் பிடித்திருந்தது கம்பெனி. குறுக்கே ஹைதர்.

குழப்பம் அன்றைக்குத் தொடங்கியதல்ல. 1748இல் நிஜாம் செத்ததும் வாரிசுச் சண்டை வந்தது. 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். நவாப் பட்டத்துக்கு ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரன் துணையோடு சந்தா சாகிப், மறுபக்கம் இங்கிலீஷ்காரன் துணையோடு முகமது அலி. 1752இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். ஜெயித்த முகமது அலி உதவிக்குக் கூலியாக 1763இல் செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். 1801இல் கர்நாடகம் முழுவதுமே கம்பெனிக்குப் போனது.

ஐம்பது வருஷத்தில் எத்தனை கொடி! இதையெல்லாம் பள்ளியில் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோம். ஆனால் பாடப் புத்தகம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. இத்தனை கொடி மாறியபோது சேரியில் என்ன மாறியது?

ஒன்றும் மாறவில்லை. ஏனென்றால் சேரியை ஆண்டது நவாபும் இல்லை, கம்பெனியும் இல்லை. மிராசு.

மிராசு என்றால் ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு. நம் வட்டாரத்தில் பெரும்பாலும் வேளாளரிடமும் பிராமணரிடமும் இருந்தது. நஞ்சை, புஞ்சை மட்டுமல்ல; தரிசு, குளம், நத்தம் வரைக்கும் அதில் சேர்த்தி. பண்ணையாளையும் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். நிலத்தை விற்றால் ஆளும் கூடவே போனான். 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்கிற கம்பெனி அதிகாரி ஜாகீர் கிராமங்களை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். களத்தில் குவிந்த நெல்லில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அதில் பதிவானது. பிறகு எல்லிஸ் துரை மிராசு உரிமை பற்றிப் பதினேழு கேள்விகளுக்கு விளக்கமான பதில் எழுதி, அது 1818இல் அச்சேறியது. வரி ஒழுங்காக வர வேண்டுமானால் ஊரில் ஒரு பொறுப்பாளி வேண்டும். அந்தப் பொறுப்பாளி மிராசுதார். கம்பெனிக்கும் மிராசுதாருக்கும் நடந்த பேரத்துக்குத்தான் பிறகு சட்டம் என்று பெயர் வந்தது.

'நம்ம ஊர்லதான் இப்படி, வெள்ளைக்காரன் ஊர்ல அப்பவே சட்டம் இருந்துச்சு, மேக்னா கார்ட்டா இருந்துச்சு' என்று படித்தவர்கள் சொல்வார்கள். அதனால் கொஞ்ச நேரம் அங்கேயும் போய்ப் பார்ப்போம்.

1135இல் இங்கிலாந்து ராஜா முதலாம் ஹென்றி இறந்தார். மகள் மட்டில்டாவுக்குத்தான் பட்டம் என்று பிரபுக்கள் சத்தியம் செய்திருந்தார்கள். ஆனால் மருமகன் முறையான ஸ்டீபன் ஓடி வந்து கிரீடத்தை வைத்துக்கொண்டார். வருஷக்கணக்கில் உள்நாட்டுச் சண்டை. ராஜா யார் என்று தெரியாத காலத்தில் ஒவ்வொரு பிரபுவும் கோட்டை கட்டிக்கொண்டு குட்டி ராஜா ஆனான். 1153இல் சமரசம் ஏற்பட்டது. அடுத்த வருஷம் மட்டில்டாவின் மகன் இரண்டாம் ஹென்றி பட்டத்துக்கு வந்தார். ராஜா கோர்ட்டுகளைப் பலப்படுத்தியவர் என்று சட்டக் கல்லூரியில் புகழ்வது இவரைத்தான். 'உன் நிலத்தை ஒருவன் அநியாயமாகப் பறித்தால் ராஜா கோர்ட்டுக்கு வா, மீட்டுத் தருகிறேன்' என்றார். நல்ல சட்டம்தான், ஆனால் அது சுதந்திரமாக நிலம் வைத்திருப்பவனுக்கு மட்டும்.

அங்கே 'வில்லீன்' என்று ஒரு வகை மனிதன் இருந்தான். பிரபுவின் நிலத்தோடு கட்டப்பட்டவன். வாரத்தில் சில நாள் பிரபுவுக்குச் சும்மா உழ வேண்டும். மகளுக்குக் கல்யாணம் செய்யவும் பிரபுவுக்குக் காசு கட்டி அனுமதி வாங்க வேண்டும். பிரபு அவன் நிலத்தைப் பிடுங்கினால் ராஜா கோர்ட் கேட்காது. பிரபுவின் கோர்ட்டுக்கே போகச் சொல்லும். அடித்தவனிடமே போய் நியாயம் கேள் என்பதுதானே இது? 1215இல் வந்த மேக்னா கார்ட்டாவும் சட்டப்படி அல்லாமல் சிறைப்படுத்தக் கூடாது என்று சொன்னது சுதந்திர மனிதனைத்தான். ராஜாவும் பிரபுவும் சண்டை போட்டார்கள், பிறகு சமாதானம் ஆனார்கள். அந்தச் சமாதானத்தில் வில்லீனைப் பிரபுவிடம் விட்டுவிட்டார்கள்.

தோழர்களே, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிம்மாசனத்துக்குச் சண்டை நடக்கும்போது மேலே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் உரிமை எழுதிக் கொடுத்துக்கொள்கிறார்கள். அதற்கான விலையைக் கீழே இருப்பவன் தருகிறான்.

ஆனால் இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன். வில்லீன் ஓடிப்போய் உரிமை பெற்ற நகரம் ஒன்றில் ஒரு வருஷமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்தால் சுதந்திர மனிதன் ஆகலாம் என்ற வழக்கம் இருந்தது. நம்மவர்களும் மெட்ராசுக்கு ஓடினார்கள். நூறு வருஷம் இருந்தாலும் சாதி கூடவே வந்தது. நகரத்திலும் அவர்கள் ஒதுங்கிய இடத்துக்குச் சேரி என்றே பெயர். வில்லீனுடைய அடிமைத்தனத்துக்குத் தீட்டு கிடையாது. அம்பேத்கர் நமக்குக் காட்டிய வித்தியாசம் இதுதான்.

சரி, சட்டம் நமக்கு வரவே இல்லையா? வந்தது. 1843இல் அடிமை உரிமையைக் கோர்ட் ஏற்காது என்று சட்டம். 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றது. ஆனால் குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி பண்ணச் சொல்வான். தரிசுக்கு விண்ணப்பித்தால் முதல் உரிமை மிராசுதாருக்கு. உடம்புக்கு விடுதலை கொடுத்துவிட்டுக் காலடி மண்ணை வைத்துக்கொண்டார்கள். 1891இல் செங்கற்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்கீர் தன் அறிக்கையில் இதைத்தான் அரசாங்கத்துக்கு எழுதினார். அதை ஒட்டி 1892இல் ஆணை வந்து, பஞ்சமி நிலம் பிறந்தது. பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே போக வேண்டும். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. இப்போது அதில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது?

1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கற்பட்டில் திரண்ட மக்கள் மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். 1892இல் எழுதிக் கொடுத்ததை நூறு வருஷம் கழித்துக் கேட்டதற்குக் கிடைத்த பதில் குண்டு.

நான் வங்கியில் கிளார்க். காகிதத்தோடு பிழைக்கிறவன். அந்தத் தொழிலிலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். நிலத்தின் மேல் கடன் கேட்டு வந்தால் பொதுவாக முப்பது வருஷ வில்லங்கச் சான்று கேட்போம். முப்பது வருஷம் சுத்தமாக இருந்தால் கடன் கிடைத்துவிடும். 1892இன் நிபந்தனை அந்த முப்பது வருஷத்துக்குள் தெரியாது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்தது, திருவள்ளூர் சாலையெல்லாம் பிளாட் ஆனது. செண்டு கணக்கில் விலை பேசுகிற இடத்தில் 'இது டி.சி. நிலம்' என்று சொல்லப் பழைய ரிஜிஸ்டர் ஒன்றுதான் சாட்சி.

1381இல் இங்கிலாந்தில் விவசாயிகள் எழுந்தபோது பல ஊர்களில் முதலில் கொளுத்தியது பிரபுக்களின் கோர்ட் சுருளை. அவர்களை அடிமை என்று சொன்னது அதுதான். பதினாலு வயது ராஜா இரண்டாம் ரிச்சர்டு நேரில் வந்து 'அடிமைத்தனம் ஒழிந்தது' என்று சாசனம் கொடுத்தார். மூன்று வாரம் ஆகவில்லை, அதை ரத்து செய்தார். ராஜாவின் வாக்கு அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். கொள்ளைநோயில் ஜனம் செத்து ஆள் கிடைக்காமல் போன காலம் அது. வில்லீன்களின் பிள்ளைகள் அதே கோர்ட் சுருளில் தங்கள் பெயர் இருக்கிற பதிவுக்கு நகல் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் ராஜா கோர்ட்டே அந்த நகலை நில உரிமையாக ஏற்க வேண்டியதாயிற்று. தாத்தாவைக் கட்டிப்போட்ட காகிதம் பேரனுக்குப் பத்திரம் ஆனது.

நாம் எரிக்க வேண்டிய காகிதம் உண்டு. மனுதர்மத்தை 1927இல் மகாடில் எரித்தார்கள். நாம் கைப்பற்ற வேண்டிய காகிதமும் உண்டு. அது தாலுகா ஆபீசில் தூசியோடு கிடக்கிறது. 2005இலிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி ஒரு மனு போதும். உங்கள் ஊரின் 'அ' பதிவேடு, பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர், இரண்டுக்கும் நகல் கேளுங்கள். சர்வே எண்ணை எண்ணோடு ஒப்பிடுங்கள். பழையதில் இருக்கிற நிபந்தனை புதியதில் காணோம் என்றால், அங்கேதான் திருட்டு நடந்திருக்கிறது. நம் நிலத்தைப் பறிப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வன்கொடுமை. அந்தப் பிரிவையும் மனுவில் எழுதுங்கள்.

அலைக்கழிப்பார்கள். 'ரெக்கார்டு செல்லரிச்சுப் போச்சு' என்பார்கள். அதையும் எழுத்தில் வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். ஊரில் இருக்கிற பாட்டிகளிடம் முதலில் கேளுங்கள். எந்த நிலம் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

ராஜாக்கள் கதை போதும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு நகல் இருக்கட்டும்.